கரி மை தீர்ந்த வாரம்

தம்போய்
3 மே 2025

அன்புள்ள தம்பி கமலநாதனுக்கு,

நலமா? முழங்கால் வலி குறைந்ததா? இதைப் போனிலேயே கேட்கலாம். ஆனால் போனில் நீ இரண்டாவது நிமிஷமே என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். நான் கேட்க வந்ததை மறந்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கேள்வியை எழுதிக் கொடுத்தால்தான் நேரான பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை லோஷினி என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கிளினிக்கில் வேலை செய்கிறாள். அவள் அம்மா காளியம்மா ஜனவரியில் இறந்துவிட்டாராம். இளவயதில் சிங்கப்பூர் ஃபேக்டரிக்கு உன் யூஜின் அண்ணன் ஓட்டிய பஸ்ஸில்தான் போய் வந்தாராம். "டிரைவர் என்னை ஒரு படம் எடுத்தார், நான் அதைப் பார்த்ததே இல்லை" என்று அடிக்கடி சொல்வாராம். அந்தப் பெண்ணிடம் அம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் எடுத்து, நீ உன் கடையில் அச்சடித்துக் கொடுத்த முப்பது படங்களும் ஹால் சுவரில் வரிசையாகத்தானே இருக்கின்றன! "பதினான்காம் எண். உன் அம்மா பஸ் படியில் நிற்கிறார், வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். டியூப் லைட்டையும் போட்டேன். அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். இன்னும் கிட்டப் போனாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், முகம் எங்க?" என்று கேட்டாள்.

தினமும் பார்ப்பதால் எனக்குத் தெரியவில்லை, தம்பி. பிள்ளை வளர்வது கூடவே இருக்கிற அம்மாவுக்குத் தெரியாதே, அந்த மாதிரி. அவள் கேட்ட பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கறுப்பெல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது. படத்தில் வெளிச்சம் விழுந்த முகங்கள் வெறும் காகிதமாகிவிட்டன. காளியம்மாவுக்கு இரண்டு புள்ளி மாதிரி கண்கள் இருக்கின்றன. வாய் இல்லை.

படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். பென்சிலில் உன் கையெழுத்து: "கரி மை. பருத்திக் காகிதம். நூறாண்டு. க.நா." முப்பதிலும் அதேதான்.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. சமையலறையில் எண்ணெய் தெறிக்கும் என்று ஒரே ஒரு படத்தை நான் பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்தேன். நீகூடத் திட்டினாய். அந்த ஒன்று மட்டும்தான் இன்றைக்கும் ஓரளவு கறுப்பாக இருக்கிறது. காற்றுப் படாதது நிற்கிறது, பட்டது போய்விட்டது. கரி காற்றுக்குப் பயப்படுமா? விறகடுப்பு வைத்த சுவரில் ஏறிய கரி, சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்து நிற்கும்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீ போட்டது என்ன மை?

அன்புடன்,
வலேரி அண்ணி

பெர்மாஸ் ஜெயா
11 மே 2025

அன்பான அண்ணிக்கு,

கடிதம் கண்டேன். அலாமாக், தபால்காரரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோர்ட் லெட்டரா பாஸ்?"னு கேட்டார். அதைவிடப் பெரிசு, டீச்சர் லெட்டர்னு சொன்னேன்.

அண்ணி, நம்ம ஊர் காற்று இருக்கே, அதுல உப்பு இருக்கு, ஈரம் இருக்கு, தம்போய்ல ஒர்க்ஷாப் புகை வேற. நீங்க கண்ணாடி போடாம மாட்டிட்டீங்க. "டியூப் லைட் பளிச்சுனு அடிக்குது, முகம் தெரியல"ன்னு நீங்கதான் கண்ணாடியைக் கழட்டச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? சாயந்திரம் சாம்பிராணி வேற போடுவீங்க. பாவம், படம் என்ன பண்ணும்!

லேமினேட் பண்ணது நல்லா இருக்குன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. நீங்க கரண்ட் பில்லு, டாக்டர் சீட்டு, உங்க பையன் டாரில் பிறந்தப்ப வெட்டின முடி, எல்லாத்தையும் லேமினேட் பண்ண ஆளு. யூஜின் அண்ணன் சொல்வார், "அசந்து தூங்குனா என்னையும் மெஷின்ல விட்டுடுவா"ன்னு.

கவலைப்படாதீங்க லா. பதினாலாம் நம்பரைக் கொடுத்து விடுங்க, ஏதாவது பண்ணித் தர்றேன். முழங்கால் பரவாயில்லை.

உங்கள் தம்பி,
கமலநாதன்

தம்போய்
16 மே 2025

அன்புள்ள தம்பி,

சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு உன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். காற்று, உப்பு, புகை, சாம்பிராணி எல்லாம் இருக்கிறது. மை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை பக்கத்தை நிரப்புவான். பதில் தெரிந்தும் எழுத முடியாத பிள்ளையும் அப்படித்தான் நிரப்புவான். எனக்கு இரண்டு பேரையும் தெரியும்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். காபி வடிகட்டும் காகிதத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். கறுப்பு மெல்ல ஊறிப் பிரியும். ஒரு ஓரம் நீலம், ஒரு ஓரம் சிவப்பு. "டீச்சர், கறுப்பு பொய் சொல்லிச்சு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அடுத்து, கரித்துண்டைத் தேய்த்த காகிதத்திலும் ஒரு சொட்டு விடுவோம். அது அப்படியே இருக்கும். கரி தண்ணீரில் கரையாது.

நேற்று இரண்டாம் எண் படத்தின் ஓரத்தில், படம் இல்லாத கறுப்பு விளிம்பில், ஒரு சொட்டு விட்டேன். தேநீர் ஆறுவதற்குள் ஊதா வளையம் வந்துவிட்டது.

இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. நீயே சொல்.

அதற்கு முன் ஒன்று செய். நெகட்டிவ்களை நீ கணினியில் ஏற்றி வைத்தாயே, அந்தப் பதிவுகளை ஒரு டிஸ்கில் போட்டுக் கொடு. டாரிலை அனுப்புகிறேன். கெலாங் பாத்தாவிலிருந்து வரும்போது சுற்றி வந்து வாங்கிக்கொள்வான். நெகட்டிவ்கள் எங்கே இருக்கின்றன என்று உனக்கே தெரியும். "படம்தான் வந்துடுச்சே, இதை என்கூட வெச்சிடு" என்று உன் அண்ணன் கடைசியாகக் கேட்டார். சவப்பெட்டியை மூடுமுன் நெகட்டிவ் போட்ட பிஸ்கட் டின்னை அவர் கையருகே வைத்தது நான். என் பக்கத்தில் நின்றது நீ.

வலேரி அண்ணி

பெர்மாஸ் ஜெயா
2 ஜூன் 2025

அண்ணி,

நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டேன். இது அஞ்சாவது.

அது கரி மை இல்லை.

கரி மையை நான் சிங்கப்பூர்லதான் வாங்குவேன். பாலம் தாண்டி மாசம் ஒரு தரம் போய் வருவேன், உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்ல கொரோனாவுக்காகப் பாலத்தை மூடினாங்க. ரெண்டு வாரம்னு நெனச்சோம். அண்ணன் படுத்த படுக்கையா ஆனது ஜூன்ல. தினமும் போன் பண்ணுவார். மூச்சு வாங்கும். "எப்ப வரும் தம்பி?"னு கேப்பார். வேற எதுவும் கேக்க மாட்டார். கரி மை தீர்ந்த வாரம், கடையில கலர் பிரிண்டர் ஒண்ணு இருந்தது. பாட்டில்ல ஊத்துற மலிவு மை. கல்யாண அட்டை அடிக்கிறது. அதுல கறுப்பு வெள்ளைன்னு செட் பண்ணி அடிச்சேன். புதுசுல யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. நாலஞ்சு வருஷத்துல தெரியும். அது எனக்குத் தெரியும்.

நான் கொண்டு வந்தப்ப அண்ணன் ஒவ்வொண்ணா நெஞ்சு மேல வெச்சுப் பாத்தார். நீங்க தலையணையை நிமித்தி வெச்சீங்க. அப்ப எப்படிச் சொல்றது? பின்னாடி பென்சில்ல எழுதினது பழக்கத்துல எழுதினது. எழுதின பிறகு அழிக்கல. அதுக்குச் சாக்கு இல்லை.

நீங்க டின்னை வெச்சப்ப என் வாய் வரைக்கும் வந்தது. "வேணாம் அண்ணி, அதை வெளிய எடுங்க"ன்னு ஒரு வார்த்தை. ஃபாதர் ஜெபத்தை ஆரம்பிச்சிட்டார். கம்ப்யூட்டர்லதான் எல்லாம் இருக்கே, பாலம் திறந்ததும் நல்ல மையில திரும்ப அடிச்சு, சத்தமில்லாம மாத்திடலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பாலம் திறந்தது. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். 2023 மார்ச் மழையில கடைக்குள்ள முழங்கால் அளவு தண்ணி வந்துச்சே, கம்ப்யூட்டர் தரையில இருந்துச்சு. வேற காப்பி நான் எடுத்து வைக்கல. ரெண்டு கடையில காட்டினேன். முடியாதுன்னுட்டாங்க.

அதனால டிஸ்க் இல்லை அண்ணி. டாரில் வந்தா வெறுங்கையோடதான் போகணும்.

கமலநாதன்

தம்போய்
9 ஜூன் 2025

திரு. கமலநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் பக்கமிருந்து யோசிக்க ஆரம்பித்தேன். அது என் கெட்ட பழக்கம். சாகப் போகிற மனிதர் 'எப்போது வரும்' என்று கேட்கிறார், பாலம் மூடியிருக்கிறது, மை இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால்? நானும் ஒருவேளை அப்படித்தான் அடித்திருப்பேன். இப்படி எழுதி, ஒரு கடிதம் முடித்து, உறையில் போட்டு ஒட்டியும் வைத்தேன். அதில் உங்களைத் தம்பி என்றுதான் எழுதியிருந்தேன்.

நேற்று டாரில் உங்கள் கடைக்கு வந்தான். உங்கள் கடிதம் வந்ததை அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். டிஸ்க் வாங்கத்தான் வந்தான். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தீர்களாம். உங்கள் வேலையாள் செல்வா உட்காரச் சொன்னானாம். கல்லாவுக்கு மேலே ஏழாம் எண் தொங்கிக்கொண்டிருந்ததாம். குடைக்காரர். என் சுவரில் அந்தக் குடையின் கம்பிகள் எப்போதோ போய்விட்டன. உங்கள் கடையில் எட்டுக் கம்பியையும் எண்ணிப் பார்த்தேன் என்றான் டாரில். குடை கன்னங்கரேலென்று இருக்கிறதாம்.

"இது யார் எடுத்தது?" என்று தெரியாதவன் மாதிரி செல்வாவைக் கேட்டிருக்கிறான்.

"அதுவா? சேம்பிள் லா. நம்ம பாஸோட நூறு வருஷப் பிரிண்ட். இதைப் பார்த்துத்தான் ஆளுங்க ஆர்டர் கொடுப்பாங்க. உள்ள இன்னும் பத்து இருக்கு, காட்டவா?"

பத்தையும் காட்டினானாம். என் பிள்ளை தன் அப்பா எடுத்த படங்களை வாடிக்கையாளனைப் போல நின்று பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். காடியில் ஏறி, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுததாகச் சொன்னான். அவன் அப்பாவின் அடக்கத்தில்கூட அவன் அழவில்லை. நீங்கள் பார்த்தீர்களே.

ஒட்டிய உறையைக் கிழித்துப் போட்டேன்.

இல்லை என்று எழுதினீர்கள். மை இல்லை, நெகட்டிவ் இல்லை, பதிவு இல்லை. இருந்ததை எழுதவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. விளக்குங்கள்.

வலேரி யூஜின்

பெர்மாஸ் ஜெயா
15 ஜூன் 2025

டீச்சர்,

அண்ணின்னு எழுத கை வரல.

கரி மை கடைசி பாட்டில்ல, நம்பர் வரிசை பாக்காம அடிச்சதுல, பதினொரு படம் வந்தது. பன்னெண்டாவது பாதியில நின்னுடுச்சு. மிச்சம் பத்தொன்பதைக் கலர் பிரிண்டர்ல அடிச்சேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கரி மை கொஞ்சம் சூடான கறுப்பு. மத்தது நீலம் கலந்த மாதிரி. நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்க. அண்ணன் கண்டுபிடிச்சிடுவார். "ஏன் தம்பி ரெண்டு மாதிரி இருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருப்பார், நான் செத்திருப்பேன்.

அதனால அந்தப் பதினொண்ணையும் திரும்பக் கலர் பிரிண்டர்லயே அடிச்சேன். முப்பதும் ஒரே மாதிரி ஆச்சு. நல்லது பதினொண்ணும் என்கிட்ட நின்னுச்சு.

இருந்ததை ஏன் சொல்லலன்னு கேட்டீங்க. சொல்லிக் கொடுத்தா, ஏன் ரெண்டு செட்டுன்னு கேப்பீங்க. அது ஒரு காரணம். இன்னொண்ணு இருக்கு. எழுதிடறேன். உங்ககிட்ட அது பத்திரமா இருக்காதுன்னு நெனச்சேன். கண்ணாடி இல்லாம மாட்டுவீங்க, சாம்பிராணி போடுவீங்க, மெஷின்ல விடுவீங்க. அண்ணனோட படத்தைப் பாத்துக்கத் தெரிஞ்சவன் நான்தான்னு நெனச்சேன். பூச்சி வராம, ஈரம் படாம, மேல் அலமாரியில வெச்சேன். வெள்ளத்துல தப்பிச்சதும் அதனாலதான். அப்புறம் ஒரு நாள் ஒண்ணை எடுத்துக் கடையில மாட்டினேன். யாரோ ஒருத்தர், "நீங்க எடுத்ததா?"ன்னு கேட்டார். "பிரிண்ட் என்னோடது"ன்னு சொன்னேன். பொய் இல்லை. ஆனா அதைச் சொன்ன விதம் எனக்குத் தெரியும்.

பதினொண்ணும் இதோட வருது. நானே கொண்டு வந்து வாசல்ல வெச்சிட்டுப் போறேன். மணி அடிக்க மாட்டேன். காளியம்மா படம் இந்தப் பதினொண்ணுல இல்லை. இருந்திருக்கலாம். மை நின்ன பன்னெண்டாவது அதுதான். பாதி வந்ததைக் கசக்கிக் குப்பையில போட்டேன்.

கமலநாதன்

தம்போய்
28 ஜூன் 2025

திரு. கமலநாதன் அவர்களுக்கு,

பதினொரு படங்களும் கிடைத்தன. ஒன்றிலும் குறை இல்லை. நன்றாகப் பாதுகாத்திருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டியது நியாயம். ஏழு, ஒன்பது, இருபத்தொன்று ஆகியவற்றில் யூஜின் எதைப் பார்த்து நின்றார் என்று ஐந்து வருஷத்துக்குப் பிறகு எனக்கு விளங்கியது. அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். என் வீட்டுப் பொருளை என் வாசலில் வைத்தவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

மை பற்றி நீங்கள் சொன்ன பொய்யை என்னால் மன்னிக்க முடியும் என்று நினைக்கிறேன். அது யூஜினுக்காகச் சொன்னது. டின்னை வைத்தபோது பேசாமல் நின்றதைக்கூட, வயதாக ஆக, ஒருநாள் மன்னிப்பேன். ஆனால் என்னிடம் அவர் படங்கள் பத்திரமாக இருக்காது என்று முடிவு செய்தீர்களே, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணாடி போட வேண்டும், சாம்பிராணி ஆகாது, காரணம் இது என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? நாற்பது பிள்ளைகளில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் புரியும் வரை சொன்னவள் நான். எனக்குப் புரியாது என்று நீங்கள் எப்படி நினைத்தீர்கள்? என்னைக் கேலி செய்து சிரிக்க வைத்தபோதெல்லாம் உள்ளே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தீர்களா? இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மிச்சம் பத்தொன்பதையும் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். டாரில் தன் ஆபீசில் அவற்றை இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்து, மூன்று இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறான். இனி குறையாது, ஆனால் போனது போனதுதான். ஒரு மென்பொருளில் போட்டால் அது முகத்தை நிரப்பிக் கொடுக்கும் என்று அவன் நண்பன் தீபன் சொன்னான். வேண்டாம் என்றேன். அது யாரோ ஒருத்தியின் முகமாக இருக்கும். அந்தப் பெண் அதை அம்மா என்று கும்பிடுவாள்.

அதனால் நான் எழுதுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். என்ன இருந்தது, யார், எங்கே, கையில் என்ன. எனக்கு நினைவிருக்கும் வரை, எனக்கு நிச்சயமானதை மட்டும். பதினெட்டுப் படங்களுக்கு எழுதி முடிந்தது. மிச்சமிருக்கும் பதினான்காம் எண்ணில் நிற்கிறேன். நான் அந்தப் படத்தைத் தினமும் தாண்டிப் போனேனே தவிர, நின்று பார்க்கவில்லை. நீங்கள் அதைத் திரையில் பெரிதாக்கி, தூசியும் கீறலும் எடுத்து, ஒரு முழு நாள் பார்த்தீர்கள் என்று யூஜின் சொன்னார். லோஷினி மூன்று விஷயம் கேட்கிறாள்:

அம்மா கையில் என்ன வைத்திருக்கிறார்?

பின்னால் ஒரு தோள் தெரிகிறதே, அது யார்?

அம்மா சிரிக்கிறாரா? அவள் அம்மா சிரித்து அவள் அதிகம் பார்த்ததில்லையாம். அதனால் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நலம் விசாரிக்க வேண்டாம்.

வலேரி யூஜின்

பெர்மாஸ் ஜெயா
5 ஜூலை 2025

டீச்சர்,

எண் பதினான்கு.

வலது கையில செருப்பு. ஒண்ணுதான். வார் அறுந்திருக்கு. அதனால அவங்க இடது கால் வெறுங்கால். பஸ் படியோட இரும்பு விளிம்புல பெருவிரலை மட்டும் ஊணி நிக்கிறாங்க. மழை பெஞ்சு விட்டிருக்கு, படி நனைஞ்சிருக்கு. இடது கையில ஃபேக்டரி பாஸ், கயிறோட சுருட்டிப் பிடிச்சிருக்காங்க. பாஸ்ல இருக்கிற போட்டோ தெரியாது.

தோள் ஒரு ஆம்பளையோடது. கட்டம் போட்ட சட்டை. மூஞ்சி படத்துக்கு வெளிய போயிடுச்சு. நெகட்டிவ்லயும் அப்படித்தான் இருந்தது. யாருன்னு அண்ணனும் சொல்லல.

சிரிக்கிறாங்களான்னு கேட்டீங்க. மூணு நாளா உக்காந்து யோசிச்சேன். நெத்தியில ஒட்டின முடி ஞாபகம் இருக்கு. மூக்குத்தி ஞாபகம் இருக்கு. அதுல வெளிச்சம் பட்டு ஒரு புள்ளி இருந்தது, தூசின்னு நெனச்சு அழிக்கப் போய், மூக்குத்தின்னு தெரிஞ்சு நிறுத்தினேன். வாய் ஞாபகம் இல்லை. சிரிச்சாங்கன்னு எழுதினா அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே சந்தோஷப்படும். நீங்களும் அந்தப் பக்கத்தை முடிச்சிடுவீங்க.

எனக்குத் தெரியல டீச்சர். தெரியலன்னே எழுதிக்குங்க.

கமலநாதன்